கொண்டச்சிக் கடலில் முத்தெடுத்த கைகள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்த பிறகு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

நமது ஊரின் பெயர் உலகப் புத்தகங்களில் ஏறியது முத்தினால் என்பது எல்லோருக்கும் தெரியும். முத்துக்குளிப்புக்குப் பழைய தமிழில் சலாபம் என்று பெயர். சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று என்று நம்மில் பலரும் சொல்வோம். கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி என்று இந்தக் கரை முழுவதும் ஒரு காலத்தில் உலகச் சந்தையாக இருந்தது. முத்தைப் பற்றியும், அதை வாங்க வந்த வியாபாரிகளைப் பற்றியும், அரிப்பில் இடிந்து நிற்கும் ஆளுநர் நோர்த்தின் மாளிகையைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். முத்தை எடுத்த கைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை. இன்று அதைப் பேசுவோம்.

ஒல்லாந்தரிடமிருந்து இந்தக் கரையைப் பிரித்தானியர் பிடித்ததும் அவர்கள் கண் முதலில் விழுந்தது முத்துப் பார்களில்தான். 1796 முதல் 1798 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடத்திப் பெரும் பணம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்த றொபேட் பேர்சிவல் என்ற படை அதிகாரி 1803இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் கொண்டச்சிக்குடாவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலும் சில குடிசைகளுமாகக் கிடக்கும் இந்த இடம், மாசி மாதம் வந்தால் பல மொழி பேசும் ஆயிரக்கணக்கானோர் கூடும் பட்டினமாக மாறிவிடும் என்கிறார். இரவு பத்து மணியளவில் படகுகள் புறப்படும். விடிய முன்னர் பாருக்குப் போய்ச் சேரும். பகல் திரும்பியதும் காற்று மாறும்போது கரைக்கு வரும்.

ஒரு படகில் தண்டலோடு இருபது பேரளவில் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேர் குளிப்பவர்கள். ஐந்து பேர் இறங்க, மற்ற ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம்.

இனி அந்த மனிதன் கடலில் இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். வலது கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வான். இடது கால் விரல்களில் சிப்பி போடும் வலைப்பை. வலது கையில் மேலே இழுப்பதற்கான கயிறு. இடது கையால் மூக்கைப் பொத்திக்கொள்வான். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் நான்கு வேறு வேலைகள் செய்கின்றன. கல்லின் பாரத்தில் அடிக்குப் போனதும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி எதுவும் இல்லாமல், மங்கலான தண்ணீரில், கைக்கு எட்டிய சிப்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பையில் போடுவான். மூச்சு முட்டும் நேரம் வரும்போது வலது கைக் கயிற்றை ஒருமுறை வெட்டி இழுப்பான். மேலே இருப்பவர் அடுத்த கணம் தூக்கத் தொடங்குவார்.

இவ்வளவும் எத்தனை நேரத்தில்? இரண்டு நிமிடம் என்கிறார் பேர்சிவல். பின்னர் வந்தவர்கள் ஒரு நிமிடத்தை ஒட்டியது என்றே எழுதினார்கள். அந்த நேரத்துக்குள், பார் செழிப்பாக இருந்தால், நூறு சிப்பிகள் வரை பையில் விழும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை இறங்குவார்கள். மேலே வரும்போது சிலருக்கு மூக்காலும் காதாலும் இரத்தம் வரும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

பேர்சிவல் வியந்த இன்னொரு விஷயம் கால் விரல்கள். வெள்ளைக்காரன் கை விரலால் எடுப்பது போல, நிலத்தில் கிடக்கும் மிகச் சிறிய பொருளையும் இவர்கள் கால் விரலால் எடுத்துவிடுகிறார்கள், இது பழக்கத்தின் வலிமை என்கிறார்.

கரையில் முத்துக்குத் துளையிடுபவர்களின் கைகளும் அதே மாதிரித்தான். மூன்று கால் வைத்த ஒரு மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து, இடது கையால் துளைக்கருவியின் தலையை அழுத்தி, வலது கையால் வில்லை இழுத்து இழுத்துக் கருவியைச் சுழற்றுவார்கள். முத்து சூடாகக் கூடாது. எனவே வில்லை இழுக்கும் அதே வலது கையின் சின்னி விரலைப் பக்கத்தில் இருக்கும் சிரட்டைத் தண்ணீரில் தோய்த்து முத்தை நனைத்துக்கொள்வார்கள். வேலை ஒரு கணமும் நிற்காது. ஒரு சிறு பிழை நடந்தால் முத்து பிளந்துவிடும்.

இந்தத் திறமை எங்கே இருந்தது? கையில் என்றுதான் நாம் சொல்வோம். "அவருக்குக் கைராசி", "கை வந்த கலை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கையைத் திறந்து பார்த்தால் அங்கே அந்தத் திறமை இல்லை. விரல்களுக்குள் விரலை மடக்கும் தசைகூட இல்லை. அந்தத் தசைகள் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் ஓடி வந்து விரலை இழுக்கின்றன. படகில் பாயை உயர்த்துபவன் கீழே நின்று கயிற்றை இழுப்பது போல. அந்தக் கயிற்றை எப்போது, எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிக்கும் தண்டல் தலைக்குள் இருக்கிறான்.

இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு மிக நீண்ட காலம் பிடித்தது.

அரிஸ்டோட்டில் உணர்வுக்கும் அசைவுக்கும் மூலம் இதயம் என்று நம்பினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் றோமில் வைத்தியம் செய்த கலன், மூளைதான் என்று சொன்னார். அவர் எழுதி வைத்த ஒரு நோயாளியின் கதை இன்றும் படிப்பினையானது. சிரியாவைச் சேர்ந்த பௌசானியஸ் என்ற அறிஞருக்குச் சின்னி விரலும் மோதிர விரலும் நடுவிரலின் பாதியும் உணர்விழந்துவிட்டன. வைத்தியர்கள் விரலுக்கு மருந்து போட்டுப் போட்டுக் களைத்துப் போனார்கள். கலன் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, முன்பு எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டார். வண்டியிலிருந்து விழுந்து மேல் முதுகு கல்லில் அடிபட்டதாக அவர் சொன்னார். அதே மருந்தைக் கலன் முதுகில் போட்டார். விரல் சுகமானது. நோவு தெரியும் இடம் வேறு, நோய் இருக்கும் இடம் வேறு.

இந்த அறிவு அரபு மொழிக்கு வந்து அங்கே வளர்ந்தது. இப்னு சீனா (980–1037) தனது அல் கானூன் நூலில் மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் புறப்படும் நரம்புகளை வரிசையாக விபரித்தார். தத்துவத்தில் இதயத்தையே மூலமாகக் கொண்ட அவர், வைத்தியனுக்கு வேலை செய்ய வேண்டிய இடம் மூளையும் நரம்பும் என்பதை ஏற்றுக்கொண்டார். அந்த நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலாக இருந்தது.

மூளையில் எந்த இடம் கையை அசைக்கிறது என்பது மட்டும் 19ஆம் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. இலண்டனில் ஜோன் ஹியூலிங்ஸ் ஜக்சன் என்ற வைத்தியர் வலிப்பு நோயாளிகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருக்கு வலிப்பு பெருவிரலில் தொடங்கும், பிறகு கைக்கு ஏறும், பிறகு புயத்துக்கு, பிறகு முகத்துக்கு. அது கண்டபடி பாயவில்லை, ஒழுங்காக நடந்து போயிற்று. அப்படியானால் மூளையிலும் இந்த உறுப்புகளுக்கான இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். எந்தக் கருவியும் இல்லாமல், கவனித்துப் பார்த்தே பிடித்த உண்மை அது.

1870இல் பேர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சி, ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். 1937இல் கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருந்த நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது கண்டவற்றை வைத்து மனித மூளையின் படத்தையே வரைந்தார். அந்தப் படத்தில் முதுகு முழுவதற்கும் கொஞ்ச இடம். கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம். பெருவிரல் ஒன்றே ஒரு ராஜா மாதிரி இருக்கிறது.

இப்போது கொண்டச்சிக் குளிப்பாளனிடம் திரும்புவோம். சிப்பியைப் பிடுங்க அவன் நினைத்ததும், நமது பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் மூளையத்தில் கைக்குரிய பகுதியிலிருந்து கட்டளை புறப்படுகிறது. நீள்வளைய மையவிழையத்தில் பெரும்பாலான நார்கள் மறுபக்கம் கடக்கின்றன. அதனால்தான் இடது மூளை வலது கையை ஆள்கிறது. கட்டளை முண்ணாண் வழியாகக் கழுத்துப் பகுதிக்கு இறங்கி, அங்குள்ள நரம்புக் கலங்கள் வழியாகக் கைத் தசைக்குப் போகிறது. வேகமான நரம்புகளில் இது செக்கனுக்கு 60 மீற்றருக்கு மேல் ஓடும்.

போவது மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். தண்ணீருக்குள் மங்கலாகத் தெரியும்போது அவனுக்கு வழிகாட்டியது விரல் நுனியின் தொடுகை. இது சிப்பியா, கல்லா, எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்ற செய்தி கணத்துக்குக் கணம் மேலே போகிறது. கை எந்த நிலையில் மடங்கியிருக்கிறது என்பதைத் தசைகளுக்குள் இருக்கும் உணரிகள் சொல்கின்றன. பின்பக்கத்தில் இருக்கும் மூளி, நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிட்டுத் திருத்துகிறது. இவ்வளவும் மூச்சை அடக்கிக்கொண்டு! உடலின் நிறையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் எடுக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அது செலவழிக்கிறது. அந்த ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும்போது, கயிற்றை இழுக்க வேண்டிய கணத்தைச் சரியாகப் பிடித்ததும் அதே மூளைதான். பிந்தினால் மையித்து.

பேர்சிவல் வியந்த கால் விரல் விஷயத்துக்கும் இன்று விளக்கம் இருக்கிறது. கைகள் இல்லாமல் பிறந்து காலால் ஓவியம் வரையும் இருவரின் மூளையை இலண்டன் ஆய்வாளர்கள் படம் பிடித்து 2019இல் வெளியிட்டார்கள். நம் போன்றவர்களின் மூளையில் கால் விரல்களுக்குத் தனித்தனி இடம் தெளிவாகத் தெரிவதில்லை. அந்த இருவருக்கும் ஒவ்வொரு கால் விரலுக்கும் தனி இடம் தெரிந்தது, கை விரல்களுக்கு இருப்பது போல. வயலின் வாசிப்பவர்களின் மூளையில், தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான இடம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 1995இல் ஜேர்மனியில் கண்டார்கள். சின்ன வயதிலேயே பழகத் தொடங்கியவர்களுக்கு அது இன்னும் பெரிது.

அதாவது பழக்கம் மூளையில் இடம் பிடிக்கிறது. கொண்டச்சிக் குளிப்பாளனின் திறமை அவனுடைய தசையில் இருக்கவில்லை. தகப்பனோடும் மாமனோடும் கடலுக்குப் போய், பார்த்துப் பார்த்து, செய்து செய்து, அவன் தலைக்குள் கட்டி எழுப்பிய வீடு அது. எழுத்தில் இல்லாத அறிவு. ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு, கையைப் பார்த்துத்தான் அது போக முடியும்.

அந்த வீடுகள் என்ன ஆயின?

1905இல் நடந்த குளிப்பு மிகப் பெரியது. மறிச்சுக்கட்டியில் நகரமே எழுந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார், அரபுக் கரை என்று பல இடங்களிலிருந்து சுமார் ஐயாயிரம் குளிப்பாளர்கள் வந்தார்கள். கொட்டுக்குள் கொண்டுவந்த சிப்பியை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை அரசு எடுத்தது. உயிரைக் கயிற்றில் கட்டி இறங்கியவனுக்கு ஒரு பங்கு. அடுத்த ஆண்டு அரசு பார்களை ஒரு இலண்டன் கொம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. சில வருடங்களில் பார்களில் சிப்பி அற்றுப்போய்க் கொம்பனியும் படுத்தது. பெரிய அளவில் கடைசியாகக் குளிப்பு நடந்தது 1925இல். அதோடு ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் அவர்களோடு கபுறுக்குப் போனது. மூக்கைப் பொத்தி, கால் விரலில் கல்லைப் பிடித்து, அறுபது செக்கனில் ஒரு பையை நிரப்பத் தெரிந்த ஒரு மனிதனை இன்று நாம் காட்ட முடியாது.

இரண்டாவது முறிவு நமது வாழ்நாளிலேயே நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முசலி மக்களும் உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போனோம். 2009க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கினோம். வீடு போனதற்கும் காணி போனதற்கும் கணக்கு எழுதினோம். கை போனதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. வலை பொத்தத் தெரிந்த வாப்பா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மாவுக்கு அகதி முகாமில் பன் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய வயதில் பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடம் என்பது ஒரு பிள்ளையின் மூளை பழகும் காலம் முழுவதும். ஊர் திரும்பினோம். பல கைத்தொழில்கள் திரும்பவில்லை.

ஆனால் மூளையின் வரலாறு நமக்கு நம்பிக்கையும் தருகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போன வி. எஸ். இராமச்சந்திரன், கையை இழந்தவர்களை ஆராய்ந்தார். துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பது போலவும், அது இறுகி மடங்கி வலிப்பது போலவும் பலர் உணர்கிறார்கள். யுத்தம் நடந்த நமது மாவட்டத்தில் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கை காலை இழந்தவர்கள் இதைச் சொன்னால், மனப்பிராந்தி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கை போனாலும் மூளையில் கையின் இடம் போவதில்லை. 1990களின் நடுவில் இராமச்சந்திரன் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைப் பெட்டியில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். கண் பார்த்ததை மூளை நம்பியது. சிலருக்கு இறுகியிருந்த அந்த இல்லாத கை விரிந்தது, வலி குறைந்தது.

2011இல் அமெரிக்காவில், பாரிசவாதத்தால் கிட்டத்தட்ட 15 வருடங்கள் கைகால் அசையாமல் இருந்த ஒரு பெண், மூளையில் பதித்த சிறு கருவியின் உதவியால், நினைப்பினாலேயே ஒரு இயந்திரக் கையை அசைத்துக் கோப்பி குடித்தார். அத்தனை வருடமும் அந்த மூளையில் கை உயிரோடு காத்திருந்தது.

இந்தப் பதிவைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நமது ஊர்களில் பாரிசவாதம் வந்தால் இன்னும் பௌசானியஸின் வைத்தியர்கள் செய்ததைத்தான் செய்கிறோம். கை விழுந்தால் கைக்கு எண்ணெய் பூசுகிறோம், கட்டுகிறோம், விடியட்டும் பார்ப்போம் என்கிறோம். நோய் கையில் இல்லை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது வெடித்திருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சுக் குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 1990 அம்பியூலன்சை அழையுங்கள். நமக்கு வேறொரு காயத்தை நினைவூட்டும் இலக்கம்தான், ஆனாலும் மறக்க மாட்டோம் அல்லவா. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். நமது ஊரிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போகும் தூரத்தையும் அதில் கழித்துப் பாருங்கள். எண்ணெய் சூடாக்க நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. தோள் முதலில் அசையும், விரல்கள் கடைசியாகத்தான் வரும். நுட்பமான விரல் அசைவு மூளையிலிருந்து நேராக வரும் நார்களையே நம்பியிருப்பதால் அப்படி. அந்த நேரத்தில் பாசத்தால் நாமே ஊட்டி, நாமே உடுத்திவிட்டால், விழுந்த கை வேலை செய்யாமலே பழகிவிடும். எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியது இதைத்தான். நல்ல கையை ஒரு உறைக்குள் போட்டுவிட்டு, பலவீனமான கையையே நாளெல்லாம் வேலை வாங்கும் சிகிச்சையை அவர் வகுத்தார். ஓரளவு அசைவு மீதியிருப்பவர்களுக்கு அது பலன் தருவதை 2006இல் வெளியான பெரிய ஆய்வு உறுதி செய்தது. இதை இயன்மருத்துவரின் ஆலோசனையோடு செய்ய வேண்டும். ஆனால் கரண்டியைப் பிடிக்க முயலும் கையைத் தட்டிவிடாமல் இருக்க யாருடைய ஆலோசனையும் தேவையில்லை. சோறு சிந்தட்டும்.

பிள்ளைகளின் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வலை பொத்தவோ, தோணி திருத்தவோ, பாய் இழைக்கவோ தெரிந்த பெரியவர்கள் முசலியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் இருப்பதை எந்த நூலகமும் சேர்த்து வைக்கவில்லை. போனில் படம் பிடித்து வையுங்கள், நல்லது. ஆனால் படம் பார்த்து யாருக்கும் கை பழகாது. விடுமுறையில் ஒரு பிள்ளையையாவது அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் நாள் முடிச்சு அவிழும். நாற்பதாவது நாள் கை தானாகப் போகும். இடையில் நடப்பது தலைக்குள் ஒரு வீடு எழும்புவது.

முத்துக் குளித்தவர்களின் கைகளை நாம் காப்பாற்றவில்லை. மிஞ்சியிருக்கும் கைகளாவது நமது காலத்தில் கைமாறட்டும்.

சலாபக் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டில் கேட்ட கதைகள், குளிப்புச் சொற்கள், கல்லோ பெட்டியோ ஏதாவது பழைய பொருட்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். யாரிடம் எந்தக் கைத்தொழில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். சேர்த்து வைப்போம்.

வஸ்ஸலாம்.